ஒன்பது விரல்காரரின் கோப்பு

சிகுர்ட் ரெண்டலின் கோப்பு
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவளோடு
சேர்ந்து கிழடானது.
முதல் காகிதத்துக்கு முப்பத்தொரு வயது.
ஆர்க்னித் தீவு ஒன்றிலிருந்து
அபர்தீன் உடற்கூறியல் துறைக்கு,
கோழிக் கிறுக்கலில்:

"செத்தபின் என் உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள்.
இடக்கையில் சுண்டுவிரல் கிடையாது,
படகின் வின்ச் கொண்டுபோயிற்று.
முழுசாக இல்லாத சரக்கை
வாங்குவீர்களா?"

ஒரு விரலுக்காக யாரையும்
திருப்பி அனுப்புவதில்லை என்று
அவள் தட்டச்சிய பதிலின் நகல்
பின்னாலேயே இருந்தது.

அதன்பிறகு அவர் நிறுத்தவில்லை.
குடல்வாலை எடுத்துவிட்டார்கள், கழித்துக்கொள்ளவும்.
வீடு மாறியிருக்கிறோம், அதே தெரு, எதிர்ச்சாரி.
முழங்காலில் இப்போது உலோகம்,
பிள்ளைகளின் கத்தி மழுங்கினால் நான் பொறுப்பில்லை.

எனக்கு வந்த முதல் கடிதத்தில்
ஒரே ஒரு வரி:
"இன்னும் சாகவில்லை,
தாமதத்துக்கு வருந்துகிறேன்."

ஜனவரியில் இறந்தார்.
அதே இரவில் கடல் எழுந்தது.
படகு இல்லை. விமானம் இல்லை.
துறைமுகச் சுவரை மீறி அலை
தபால் நிலையத்துக்குள் போயிருக்கிறது.
இங்கா ரெண்டல் காலையும் மாலையும் அழைத்தாள்.
உயிர்மீட்புப் படகின் கொட்டகையில் வைத்திருக்கிறோம்,
கதவைத் திறந்தே போட்டிருக்கிறேன்,
நல்ல குளிர்,
என்றாள், மீனைப் பற்றிச் சொல்வதுபோல.

எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு.
இத்தனை நாளுக்குள் மருந்து ஏறாவிட்டால்
உடல் பாடத்துக்கு உதவாது.
பேராசிரியரிடம் போய் நின்றேன்.
அவர் என்னைப் பார்க்காமல்
ஜன்னலைப் பார்த்தார். அங்கேயும் மழைதான்.

ஐந்தாம் நாள் மாலை
தொலைபேசியில் கைவிரித்தேன்.
பத்து விரலும் இருக்கிற கை.

அவள் அழவில்லை. காற்று மட்டும் கேட்டது.
பிறகு கேட்டாள்:
"அப்படியானால் இவரை நான் என்ன செய்ய?
எங்களுக்குக் குழி இல்லையே.
கல்லறையில் இருந்த இடத்தை
தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாரே,
நமக்கெதற்கு என்று."

என் படிவத்தில்
அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

பின்பு தெரிந்தது:
தம்பி இடத்தைத் திருப்பிக் கொடுத்தாராம்,
முணுமுணுத்துக்கொண்டே.
மண் உறைந்திருந்ததால்
சாலை போடும் யந்திரத்தால் தோண்டினார்களாம்.

இங்கே அந்தப் பருவம் ஆறாம் மேசை
வெறுமனே கிடந்தது.
மற்ற ஐந்தைச் சுற்றி
நெருக்கியடித்து நின்றார்கள் மாணவர்கள்.
பின்வரிசையில் ஒருத்தி நுனிக்காலில் எம்பி
இதயத்தைப் பார்க்க முயன்றாள்.
யாருடைய தோள் மறைக்கிறது என்று
அவளுக்குத் தெரியும்.
யார் வராததால் என்று தெரியாது.

மே மாதம், ஒரு செவ்வாய்.
பச்சை மழைக்கோட்டு அணிந்த பெண்
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்றாள்.
குரலைக் கேட்டபிறகுதான் ஆள் தெரிந்தது.
படிவம் வேண்டுமாம், தனக்கு.

முகவரிக் கட்டத்தில் தீவு இல்லை.
படகை விற்றாயிற்று,
மருத்துவமனைக்குப் பின்தெருவில்
ஒரு மாடி அறை வாடகைக்கு.
"நடந்து பார்த்தேன். பதினொரு நிமிஷம்.
வழியில் ஒரே ஒரு சிக்னல்,
அதுவும் சீக்கிரம் பச்சை விழுகிறது."

ஊர் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.
இல்லை என்றாள்.
கடற்பறவைகள் இங்கே குப்பைத்தொட்டியில் மேய்கின்றன,
பார்க்கச் சகிக்கவில்லை.

முத்திரை குத்தினேன்.
அவள் போகவில்லை.
கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி
இரண்டு கைகளையும் என் மேசைமேல் விரித்து வைத்தாள்.
"எல்லாம் இருக்கிறது" என்றாள்,
"நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்."

வரிசையில் பின்னால் இருவர் காத்திருந்தார்கள்.
நான் எண்ணினேன்.